தாழ்ப்பாள் விழவில்லையா? முதலில் கீலைப் பாருங்கள்!



போன பங்குனி மாதக் குழுக் கூட்டத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "ஜன்னல் மாத்தணும்க்கா" என்றார். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை செய்கிறார். வீட்டில் அவரும், எட்டாவது படிக்கிற மகளும்தான். அடுப்படி ஜன்னலின் தாழ்ப்பாள் விழாமல் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சேலைக் கரையைக் கிழித்துக் கம்பியோடு கட்டி வைத்திருந்தாராம். ஒருநாள் ராத்திரி வெளியே இருந்து யாரோ கதவைப் பிடித்து இழுத்த மாதிரி சத்தம். ஆளா, மாடா, காற்றா, தெரியாது. விடியும் வரை இரண்டு பேரும் தூங்கவில்லை. காலையில் எழுந்ததும் நாலு ஆணியை எடுத்து அடித்து ஜன்னலை ஒரேயடியாக மூடிவிட்டார். அன்றிலிருந்து விறகடுப்புப் புகைக்கு வெளியே போக வழி இல்லை. "பாப்பாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குதுக்கா. புது ஜன்னல் வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்.

கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது அப்புறம், முதலில் போய்ப் பார்ப்போம் என்று நானும் இன்னொரு உறுப்பினரும் அவர் வீட்டுக்குப் போனோம். மரம் நன்றாக இருந்தது. கம்பியும் நன்றாக இருந்தது. கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு கீல். மேல் கீலில் மூன்று ஸ்குரு இருக்க வேண்டிய பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் கையால் திருகினாலே சுற்றியது. அந்த ஒரு கீலுக்காகத் தாயும் மகளும் ஒரு வருஷம் பயந்திருக்கிறார்கள், புகையைக் குடித்திருக்கிறார்கள். ஜன்னல் முழுவதையும் மாற்றக் கடன் வாங்கி, வட்டியும் கட்டியிருப்பார். ஆசாரியைக் கூப்பிடலாம் என்றால் அரை நாள் வேலைக்கு யாரும் வருவதில்லை என்று சொன்னார். அது உண்மைதான்.

அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன். நான் ஆசாரி வேலை படித்தவள் இல்லை. என் அப்பா தச்சு வேலை செய்தவர், கூடவே இருந்து பார்த்தது, பிறகு என் வீட்டில் நானே செய்து கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

குற்றம் எங்கே இருக்கிறது?

தாழ்ப்பாள் விழவில்லை என்றால் நாம் எல்லோரும் தாழ்ப்பாளைத்தான் திட்டுகிறோம். சுத்தியலால் தட்டுகிறோம். ஓட்டையைப் பெரிதாக்குகிறோம். கடையில் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வருகிறோம். புதிதும் நாலு மாதத்தில் விழாது. ஏனென்றால் பெரும்பாலும் குற்றம் தாழ்ப்பாளில் இல்லை, கீலில் இருக்கிறது. மேல் கீல் தளர்ந்தால் கதவு சாய்கிறது. சாய்ந்த கதவின் தலைப்பக்கம் அடுத்த கதவை முட்டும். அடிப்பக்கம் இடைவெளி விடும். அப்போது மேல் தாழ்ப்பாளின் கம்பி சட்டத்தில் இருக்கும் ஓட்டைக்கு நேராக வராது, அரை விரல் தள்ளி நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஜன்னல் கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும்போது கீலையே உற்றுப் பாருங்கள். கீலின் தகடு மரத்தை விட்டு அசைந்தால் ஸ்குரு பிடிக்கவில்லை, கீல் நன்றாகத்தான் இருக்கிறது. தகடு அசையாமல், நடுவில் குழாய் மாதிரி இருக்கும் இடம் மட்டும் லொடலொடவென்று ஆடினால் உள்ளே இருக்கும் ஊசி தேய்ந்துவிட்டது, கீலை மாற்ற வேண்டும். ரெண்டும் ஆடவில்லை, ஆனாலும் கதவு மூட மாட்டேன் என்கிறது என்றால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. அடித் தாழ்ப்பாள் விழாமல் போவதற்குப் பல வீடுகளில் காரணம் வெறும் குப்பைதான். கீழ்ச் சட்டத்து ஓட்டையில் மண், செத்த எறும்பு, பெயிண்ட் கட்டி எல்லாம் சேர்ந்து அடைத்திருக்கும். ஒரு சேலை ஊக்கை நீட்டி நோண்டி எடுத்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் வேலை முடிந்தாலும் முடியலாம்.

மரத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கோணி தைக்கிற ஊசியால் கீல் இருக்கும் இடத்தைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் கரையான் அரித்திருக்கிறது, அல்லது மரம் உளுத்திருக்கிறது. அங்கே எந்த ஸ்குருவும் நிற்காது. அந்த இடத்தில் நாம் கை வைக்க வேண்டாம், ஆசாரிதான் கட்டை மாற்ற வேண்டும்.

ஸ்குரு பிடிக்காத ஓட்டைக்கு மூங்கில் குச்சி

இதுதான் அதிகம் தேவைப்படுகிற வேலை. ஓட்டை ஏன் தளர்கிறது தெரியுமா? வேலையைச் சீக்கிரம் முடிக்க ஸ்குருவையும் ஆணி மாதிரி சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, கடைசிச் சுற்றை மட்டும் திருப்புளியால் திருகுகிறவர்கள் உண்டு. ஸ்குருவின் மரை மரத்தைக் கவ்விப் பிடிப்பதற்குப் பதிலாக மரத்தின் நாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. நாலு வருஷம் தாங்கும், அப்புறம் சுற்றும். (என் அப்பா முன்னால் யாராவது ஸ்குருவை அடித்தால் அன்றைக்கு அவர்களுக்குக் கூலி கிடைக்காது!)

தளர்ந்த ஸ்குருவைக் கழற்றுங்கள். மூங்கில் குச்சியை ஓட்டை அளவுக்குச் சீவிக்கொள்ளுங்கள். மூங்கில் இல்லையென்றால் மருந்து கிள்ளிய தீக்குச்சி ரெண்டு மூன்று போதும். பெவிகால் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் இறுக்கமாகத் தட்டிச் செருகுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரப் பசையில் ஸ்குருவை ஏற்றினால் குச்சியும் சேர்ந்து சுற்றும். காய்ந்த பிறகு நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் சமமாக வெட்டுங்கள். நடுவில் ஒரு மெல்லிய ஆணியைக் கொஞ்சமாக அடித்துப் பிடுங்கினால் சின்ன வழி கிடைக்கும். அந்த வழியில் ஸ்குருவைத் திருப்புளியால் மட்டும் ஏற்றுங்கள். மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் கை வலிக்காது. சோப்புத் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம், சோப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும்.

பழைய ஸ்குருவே நன்றாக இருந்தால் அதையே போடலாம். புதிது வாங்கினால் அதே தடிமனில் கால் அங்குலம் நீளம் கூடுதலாக வாங்குங்கள். தடிமன் கூடிய ஸ்குரு வேண்டாம். அதன் தலை கீலின் குழியில் அடங்காமல் வெளியே துருத்தும். கதவை மூடும்போது தலையும் தலையும் முட்டி, கதவு முழுதாக மூடாமல் நிற்கும். நாம் பலமாக அழுத்தி மூடுவோம், கீல் மறுபடியும் பிடுங்கிக்கொள்ளும்.

கீலையே மாற்ற வேண்டி வந்தால்

கடைக்குப் போகும்போது பழைய கீலைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். "மூணு இஞ்ச் கீல் குடுங்கண்ணே" என்று வாயால் கேட்டு வாங்கி வந்தால் அகலம் மாறியிருக்கும், ஓட்டை இருக்கும் இடம் மாறியிருக்கும். மரத்தில் பழைய கீலுக்காக வெட்டிய பள்ளத்தில் புதிது அப்படியே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் உளி எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

நம்ம பக்கம் ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும், கம்பி உள்ளே இருக்கும். அதனால் கீல் வேலையை வெளியே நின்றுதான் செய்ய வேண்டும். ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் திருக வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். இரண்டு கீலையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றை மாற்றி முழுதாக இறுக்கிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். மாடி ஜன்னலுக்கு ஏணி போட்டு இதைச் செய்ய வேண்டாம்.

துருப்பிடித்து வராத ஸ்குருவோடு சண்டை போட்டால் தலை தேய்ந்துவிடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. முதலில் தலையில் இருக்கும் வெட்டுக்குள் அடைத்த பெயிண்டை ஆணி முனையால் சுரண்டி எடுங்கள். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் முன்போல் கிடைப்பதில்லை, தையல் மிஷின் எண்ணெய் இருந்தால் அதுவும் உதவும், கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறட்டும். பிறகு வெட்டு முழுவதையும் நிரப்புகிற அகலத் திருப்புளியை வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த அதிர்ச்சியில் துரு விடும். முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் திருப்பி, அப்புறம் கழற்றுகிற பக்கம் திருப்புங்கள்.

எந்தக் கீல் வாங்குவது? உள்நாட்டு ஊர்களில் நல்ல கனமான இரும்புக் கீலுக்குப் பெயிண்ட் அடித்தால் போதும். கடற்கரை ஊர்களில், உப்பளம் பக்கம் எல்லாம் இரும்புக் கீல் சீக்கிரம் செதில் செதிலாக உரிந்துவிடும். உப்புக் காற்று அப்படி. அங்கே எவர்சில்வரோ பித்தளையோ வாங்குவதுதான் சரி. விலை கூடுதல்தான், ஆனால் மூன்று இரும்புக் கீல் மாற்றுகிற காலம் ஒன்றே உழைக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரும்புக்கு மேல் பூச்சுப் பூசியும் எவர்சில்வர் மாதிரியே விற்கிறார்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டு போங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்ததுகூடப் போதும். கப்பென்று ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் பூச்சுப் பூசிய இரும்பு.

ஸ்குருவும் கீலும் ஒரே உலோகமாக இருக்கட்டும். அலுமினியத்தில் இரும்பு ஸ்குரு போட்டால் உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். பித்தளை ஸ்குரு மென்மையானது, நேரடியாக ஏற்றினால் தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்குருவை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பிறகு பித்தளையைப் போடுங்கள்.

ஆசாரியை வைத்துச் செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். கீலில் எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனை ஸ்குரு ஏற வேண்டும். ஒன்று விட்டு ஒன்று போடுகிற பழக்கம் இருக்கிறது. பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. காசு நம்முடையது.

தாழ்ப்பாள் வைக்கக் கண்மை

கீலைச் சரி செய்த பிறகும் தாழ்ப்பாள் விழவில்லை என்றால், அல்லது தாழ்ப்பாளே உடைந்திருந்தால், அப்போது புதிது போடுங்கள். கதவை மூடிய நிலையில்தான் இடம் குறிக்க வேண்டும். திறந்து வைத்துக் குறித்தால் தப்பும். தாழ்ப்பாளைக் கதவில் இரண்டு ஸ்குருவால் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நுனியில் கொஞ்சம் கண்மை தடவி, கதவை மூடி, கம்பியைத் தள்ளுங்கள். சட்டத்தில் எங்கே கருப்புப் பொட்டு விழுகிறதோ அங்கேதான் ஓட்டை போட வேண்டும். எங்கள் குழுவில் இதைக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பென்சில் வைத்துக் கண்ணால் அளப்பதைவிட இது தப்பாது. ஓட்டை கம்பியின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கலாம். ஆழம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கால் அங்குலம் நுழைந்த தாழ்ப்பாளை வெளியே இருந்து ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும்.

ஒரு தாழ்ப்பாள் போதும் என்று மேலேயோ கீழேயோ மட்டும் போடுகிறார்கள். ஒவ்வொரு கதவிலும் மேலும் கீழும் இரண்டும் இருக்கட்டும். ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் கதவு காற்றில் முறுக்கிக்கொள்ளும்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்ததை நம் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காற்றுப் பக்கத்து ஜன்னல் கதவு பிடுங்கிக்கொண்டு திறந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த சீட்டுகள் தூக்கிக்கொண்டு போயின. இது தற்செயல் இல்லை. கூரைக்கு மேலே வேகமாகப் போகும் காற்று கூரையை ஏற்கெனவே மேல்நோக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஜன்னல் திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல், உள்ளிருந்தும் கூரையைத் தூக்கும். மேலே இழுப்பும் கீழே தள்ளலும் சேர்ந்தால் சீட்டைப் பிடித்திருக்கும் கொக்கிகள் தாங்காது. ஓடு, சீட்டு போட்ட வீட்டில் இருக்கிறவர்கள் புரட்டாசிக்குள் எல்லா ஜன்னல் தாழ்ப்பாளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஐப்பசி பிறந்த பிறகு ஆசாரியும் கிடைக்க மாட்டார், மரமும் காயாது.

கொக்கியை மறந்துவிடாதீர்கள்

திறந்த கதவைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி இருக்கிறதே, அதை யாரும் மதிப்பதில்லை. வளையம் கழன்று விழுந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம். கொக்கி இல்லாத கதவு காற்று அடிக்கும்போதெல்லாம் படார் படாரென்று சுவரில் மோதும். ஒவ்வொரு மோதலும் கீலைத்தான் பிடுங்குகிறது. மேலே சொன்ன அத்தனை தொல்லைக்கும் ஆரம்பம் அந்தச் சின்னக் கொக்கிதான். வளையத்தின் வாய் அகன்றிருந்தால் குறடால் நெருக்கி விடுங்கள். ஓட்டை தளர்ந்திருந்தால் அதே மூங்கில் குச்சி வைத்தியம்.

மழைக்காலத்தில் மட்டும் கதவு இறுகினால் இழைப்புளியைத் தூக்காதீர்கள். ஈரத்தில் ஊதிய மரத்தைச் சீவிவிட்டால் சித்திரையில் விரல் நுழைகிற சந்து விடும், பல்லியும் மழைச் சாரலும் அதில்தான் வரும். சாக்பீஸை ஓரத்தில் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால் எங்கே உரசுகிறது என்று தெரியும். அங்கே மட்டும் உப்புத்தாள் தேயுங்கள். வெயில் காலம் வந்ததும் கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்ட் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று பெயிண்டர்கள் விட்டுவிடுகிற இடம் அதுதான், தண்ணீர் ஏறுவதும் அந்த வழியாகத்தான்.

இரும்பு ஜன்னல் வைத்த தொகுப்பு வீடுகளில் கீல் வெல்டிங்கில் பிடித்திருக்கும். அதைக் கழற்ற முடியாது. துருவை உப்புத்தாளால் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் அதற்கு மேல் பெயிண்டும் அடியுங்கள். கீலின் சுழலும் இடத்தில் மட்டும் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொண்டு, அங்கே மிஷின் எண்ணெய் விடுங்கள். கீல் விட்டுப் போயிருந்தால் வெல்டிங் பட்டறைதான் வழி. எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது: நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஊற்றாதீர்கள். அன்றைக்குச் சத்தம் நிற்கும், ஒரு மாதத்தில் தூசி சேர்ந்து பிசுபிசுவென்று இறுகிவிடும். கண்ணாடி மாற்றுவதைப் பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

அந்தச் சகோதரியின் ஜன்னலை ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் சேர்த்து முடித்தோம். முதல் நாள் ஆணிகளைப் பிடுங்கி, குச்சி வைத்தோம். மறுநாள் இரண்டு கீல், இரண்டு தாழ்ப்பாள், ஒரு கொக்கி, ஸ்குரு எல்லாம் போட்டோம். கடைச் செலவு நானூறு ரூபாய்க்கு உள்ளேதான் ஆனது. அவர் மகள்தான் கண்மை கொண்டு வந்து கொடுத்தாள், கடைசி ஸ்குருவையும் அவளே திருகினாள். பத்தாயிரம் ரூபாய்க் கடனை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தில் புகையில்லாத அடுப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டார், கொடுத்தோம்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு பை இருக்கிறது. அகலத் திருப்புளி ஒன்று, சின்னது ஒன்று, குறடு, சுத்தியல், கையால் சுற்றுகிற டிரில், உப்புத்தாள், பெவிகால் டப்பா, ஒரு மெழுகுவர்த்தி. குழுச் செலவில் வாங்கினோம். வேண்டியவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகிறார்கள், மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். திருப்புளியைத் தேங்காய் நோண்டப் பயன்படுத்தி முனையை வளைத்துக் கொண்டுவந்த ஒருவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் போட்டோம். அது நான்தான்.